கேம்பெல் வீட்டு மாடிப்படி

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்ததில் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை வந்து, நான் குழம்புக்குப் புளி கரைப்பதில் குற்றம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். உன் மருமகளுக்குப் பெண் பிறந்த செய்தியில் அவளுக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம். என்ன பேர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லையே, அம்மா தினமும் கேட்கிறாள்.

திகில் எழுத்தாளர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே மற்றவர்கள் அவர் வழியில் கதை எழுதித் தொகுத்து அவருக்கே சமர்ப்பிக்கிறார்களே, அது முகஸ்துதி இல்லையா, எதற்கு அதெல்லாம் என்று கேட்டிருந்தாய். மணிவிழா மலர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றத்தான் செய்யும். முன்பக்கம் முழுக்க வாழ்த்துரை, நடுவில் மங்கிய போட்டோக்கள், கடைசியில் விளம்பரம். ஆனால் நான் சொன்ன புத்தகங்களில் பாராட்டுரை முன்னுரையோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் புதிய கதைகள். பாராட்டுரையில் இல்லாததைச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். திகில் கதையில் அது நடக்காது. படிக்கிறவளுக்குப் பயம் வரவில்லை என்றால் வரவில்லைதான். அந்த எழுத்தாளரும் அதைப் படிக்கப்போகிறார் என்று தெரிந்தே எழுத வேண்டும். எனக்கு இதில் முகஸ்துதியைவிடப் பரீட்சைதான் அதிகமாகத் தெரிகிறது.

ராம்ஸி கேம்பெலை வைத்துச் சொல்கிறேன். திகில் கதை எழுத்தாளர், 1946-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளில் மூழ்கிவிட்டார். லவ்கிராஃப்ட் 1937-லேயே காலமாகிவிட்டார். அவர் கதைகள் நடக்கும் அமெரிக்க மாசசூசெட்ஸில் இந்தப் பையன் கால் வைத்ததுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் கற்பனை ஊர்களிலேயே தன் கதைகளையும் நடத்தி, ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தின் ஆகஸ்ட் டெர்லெத்துக்கு அனுப்பிவைத்தார். டெர்லெத் கறாராகப் பதில் எழுதினார். தெரியாத மாசசூசெட்ஸை விட்டுவிடு, உன் இங்கிலாந்திலேயே உனக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள் என்பது அதன் சாரம். பையன் கேட்டுக்கொண்டான். செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரிச்செஸ்டர், டெம்ப்ஹில், கோட்ஸ்வுட் என்று ஊர்கள் முளைத்தன. 1962-ல் டெர்லெத்தின் தொகுப்பொன்றில் முதல் கதை வந்தது, 1964-ல் முதல் புத்தகம். அப்போது கேம்பெலுக்கு 18 வயது, வரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை.

அந்தக் கோட்ஸ்வுட்டை நீ ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். ரயிலைத் தவறவிட்ட ஒருவன் ராத்திரி தங்க இடம் தேடி அந்த ஊருக்குள் வருகிறான். ஊர்க்காரர்கள் முகத்தில் ஏதோ ஆட்டுச் சாயல். சதுக்கத்தின் நடுவே உயரமான கம்பம், அதன் உச்சியில் பெரிய கண்ணாடி வில்லை, அதைச் சுற்றிலும் கண்ணாடிகள். நிலா ஏறும்வரை அது எதற்கென்று அவனுக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்வேன்.

1995-ல் ஸ்காட் டேவிட் அனியோலோவ்ஸ்கி இந்தப் பள்ளத்தாக்கையே களமாக வைத்து, கேம்பெலைக் கொண்டாடும் கதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ‘மேட் இன் கோட்ஸ்வுட்’ என்று பெயர், கேயாஸியம் வெளியீடு. இன்னொருவரின் ஊரில் கதை எழுதத் தொடங்கிய பையனின் ஊருக்கு இப்போது மற்றவர்கள் கதை எழுத வந்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். ஆனால் டெர்லெத்தின் கடிதமும் கூடவே நினைவுக்கு வரும். அவர் சொன்ன புத்தியை இந்தப் புதியவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டாமா? பிரிச்செஸ்டர் தெருக்களை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். கேம்பெலின் பயம் அந்தத் தெருக்களிலிருந்து வந்ததில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று 1983-ல் தன் நாவல் ஒன்றின் முன்னுரையாக அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் மனம் முறிந்தும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா மாடியில், பையனும் அம்மாவும் கீழே. வருஷக்கணக்காக அவர் அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும், கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கோ மனநோய் முற்றிக்கொண்டே போனது. அவள் காண்பதாகச் சொல்வதில் எது நிஜம் என்று சின்னப் பையன் தானே பிரித்தறிய வேண்டியிருந்தது. கேம்பெல் கதைகளில் கண்ணோரத்தில் எதுவோ அசைந்து, திரும்பிப் பார்த்தால் குப்பைப் பையாகவோ காற்றிலாடும் துணியாகவோ இருந்து, மறுபடி திரும்பும்போது அப்படி இல்லாமல் போகுமே, அந்தச் சந்தேகம் முழுக்க அந்த வீட்டில் விளைந்தது.

அந்த மாடிப்படியை யாரும் கடன் வாங்க முடியாது, வசந்தி. கதை எழுதுகிறவர் தன் வீட்டு மாடிப்படிக்குத்தான் போயாக வேண்டும். இந்த மாதிரித் தொகுப்புகளில் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் தாமஸ் லிகோட்டியை எடுத்துக்கொள். டெட்ராய்டில் 1953-ல் பிறந்தவர். கேல் ரிசர்ச் என்ற குறிப்புநூல் நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, மற்ற எழுத்தாளர்களைப் பற்றிய விமர்சனங்களைத் தொகுக்கும் வேலை பார்த்தார். கூட்டம், மேடை என்று எதிலும் தலைகாட்ட மாட்டார். முதல் புத்தகம் 1985-ல் வந்தபோது அச்சடித்தது 300 பிரதி. அவர் உலகம் முழுக்கப் பொம்மைகளும் கோமாளிகளும் பாழடையும் சிற்றூர்களும்தான், அவற்றுக்கு அடியில் மனுஷனும் யாரோ ஆட்டுவிக்கும் பொம்மைதான் என்கிற நடுக்கம். லவ்கிராஃப்டின் நினைவுக்கென்றே அவர் 1990-ல் ஒரு நீண்ட கதை எழுதியிருக்கிறார். ஓர் ஊரின் குளிர்காலத் திருவிழா, அதில் வேஷம் கட்டுகிற கோமாளிகள். கதையின் போக்கு லவ்கிராஃப்டுடையது, கோமாளிகள் லிகோட்டியுடையவர்கள். மரியாதை செய்வது எப்படி என்று அவரே செய்து காட்டிவிட்டார்.

அவருக்காக ஜோசப் எஸ். பல்வர் 2013-ல் தொகுத்த ‘தி கிரிம்ஸ்க்ரைப்ஸ் பப்பெட்ஸ்’ நூலுக்கு அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான ஷெர்லி ஜாக்சன் விருது கிடைத்தது. எனக்குப் பிடித்தது லிவியா லெவெல்லின் எழுதிய ‘ஃபர்னஸ்’. செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர். அது லிகோட்டியின் ஊர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரில் ஓர் அம்மாவும் வளர்ந்துவரும் மகளும் இருக்கிறார்கள். லிகோட்டியிடம் நான் பார்க்காத உறவு அது. மகள் பெரியவளாவதும் ஊர் சிதைவதும் பின்னிக்கொள்ளும்போது நீயும் நானும் பதிமூன்று வயதில் பட்ட ஏதோ ஒன்றை அந்தப் பெண்பிள்ளை தொட்டுவிடுகிறாள். லெவெல்லின் தன் மாடிப்படிக்குப் போனார். பொம்மையை மட்டும் கொண்டுவந்து கதையில் உட்கார வைப்பவர்களும் இந்தத் தொகுப்பு வகையில் இருக்கத்தான் செய்கிறார்கள். அங்கே பொம்மை பொம்மையாகவே இருந்துவிடுகிறது.

ஜான் பேட்ஜெட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிகோட்டி வாசகர்களை 1998-லிருந்தே ஒன்றுசேர்த்து வருகிறவர். பொம்மையைப் பேச வைக்கும் வித்தையைத் தொழிலாகவே செய்தவரும்கூட. 2016-ல் வந்த அவருடைய முதல் கதைத் தொகுதியில் அந்த வித்தையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடமாகவே ஒரு கதை இருக்கிறது. உதட்டை அசைக்காமல் எழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்பதுபோலச் சாதாரணமாகத் தொடங்கும். வாத்தியார் குரல் நிதானம் தவறவே தவறாது. பாடம் ஏற ஏற, எதைப் பொம்மையாக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்று புரியும்போது நம் வாய் தானாக மூடிக்கொள்ளும். லிகோட்டிக்குச் செய்த மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்று எனக்குத் தெரியாது.

கவனித்தாயா, லிகோட்டியைப் பெங்குவின் தன் கிளாசிக்ஸ் வரிசையில் சேர்த்தது 2015-ல். உயிரோடிருக்கும் எழுத்தாளருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அபூர்வம். அதற்கு இரண்டு வருஷம் முன்பே சக எழுத்தாளர்கள் அவர் யாரென்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்ட ‘எதற்கு’ என்பதற்கு ஒரு பதில் இதிலேயே இருக்கிறது.

லெயர்ட் பேரன் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு 2014-ல் ராஸ் லாக்ஹார்ட்டும் ஜஸ்டின் ஸ்டீலும் தொகுத்தது ‘தி சில்ட்ரன் ஆஃப் ஓல்ட் லீச்’. பேரன் அலாஸ்காக்காரர். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயமான இடிடரோடில் ஓடியவர். அவர் கதைகளில் மரம்வெட்டிகள், உளவாளிகள், குடித்துச் சீரழிந்த முரட்டு ஆண்கள். அவர்களுக்காக மலையடியில் பசியோடு காத்திருக்கும் ஒன்று. தொகுப்பில் எழுதியிருக்கும் மாலி டான்ஸர் இந்தக் காட்டையும் மலையையும் தொடவே இல்லை. ஒரு மாணவியின் ஆய்வேட்டைப் பற்றிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சல்களாகக் கதையைச் சொல்லிவிட்டார். காலேஜில் நாற்பது வயதுவரை குப்பை கொட்டிய உனக்கு அந்தத் துறைக்கூட்டப் பாஷை நன்றாகவே புரியும். அந்தப் பாஷைக்குள்ளேயே பேரனின் பசி நுழைகிறது. லெயர்ட் பேரன் 2023 தொடக்கத்தில் கடுமையாக நோய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசகர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இந்தத் தொகுப்பையும் அந்த உதவியையும் என்னால் வேறுவேறாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம், காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி விஷயம் இருக்கிறது. அவரைக் கொண்டாடும் ‘ஷேடோ ஷோ’ 2012 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு அவரே முன்னுரை எழுதிக் கொடுத்திருந்தார். ஜூன் 5 அன்று இறந்துபோனார். தனக்காக யார் யார் எழுதுகிறார்கள் என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் ஆறுதல் பட்டுக்கொள்வேன். இறந்த பிறகு வரும் மலரில் எத்தனை பேர் எழுதினால்தான் என்ன, அவர் ஒரு வரி படிக்கப்போவதில்லை. கேம்பெலுக்கு அந்தக் கொடுப்பினை இரண்டாம் முறையும் வாய்த்தது. கோட்ஸ்வுட்டைத் தொகுத்த அதே அனியோலோவ்ஸ்கி, பல்வரோடு சேர்ந்து 2017-ல் ‘டார்க்கர் கம்பேனியன்ஸ்’ கொண்டுவந்தார், கேம்பெலின் ஐம்பதாண்டு எழுத்தைக் கொண்டாட. பல்வர் 2020-ல் இறந்துவிட்டார். தன்னுடைய கதைகளுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்று சொல்லத்தக்க உழைப்பையெல்லாம் பிறரைக் கொண்டாடுவதில் போட்ட மனுஷன் அவர். அவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அண்ணன் மகன் அடுத்த வாரம் கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறேன். நேராகத் தொகுப்புக்குள் போய்விடாதே. முதலில் கேம்பெலின் ‘தி கம்பேனியன்’ படி, சின்னக் கதைதான். பழைய பொருட்காட்சி மைதானமும் பேய் ரயிலும் வரும். அதற்குப் பிறகு லிகோட்டியின் கோமாளிக் கதை, பிறகு ‘ஃபர்னஸ்’. பேட்ஜெட்டைப் பகலில் படி, பேத்தி தூங்கும் நேரமாகப் பார்த்து. லெயர்ட் பேரன் தொகுப்பில் நோட்டுப்புத்தகக் குறிப்புகளாகவே பால் ட்ரெம்ப்ளே எழுதிய கதை ஒன்றும் இருக்கிறது, அதற்கு ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். எது உன்னைப் பிடித்து உலுக்கியது என்று விவரமாக எழுது. குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுது, அம்மா காத்திருக்கிறாள்.

என்றும் உன்,
சாரதா