ஆடியில் அளந்துபோன பொறியியலாளர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயாமாரே,

போன ஆடியில் எங்கள் ஊர் வீதியை அளக்க வந்தபோது, மருத மரத்தடியில் கதிரை போட்டு இளநீர் வெட்டித் தந்தவர்களில் நானும் ஒருவன். வயல்வட்டை காய்ந்து வெடித்துக் கிடந்த நேரம். பள்ளத்தைப் பார்த்து, "இதில தண்ணியே இல்லையே, ரெண்டு குழாய் போதும்" என்றார் உங்களில் ஒருவர். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையின் கிடையைப் பாருங்கள். மேற்கே உன்னிச்சை, நவகிரிக் குளங்கள். கிழக்கே வாவி. நடுவே வயல். எங்கள் வீதியோ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மாரியில் வான்கதவு திறந்தால் வருகிற தண்ணீர் வீதியைக் குறுக்கறுத்துத்தான் வாவிக்குப் போக வேண்டும். வாவியும் உடனே வாங்கிக்கொள்ளாது. வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்தை மண் மூடியிருந்தால், வெட்டிவிடும்வரை எல்லாம் எங்கள் தலையில்தான். மகிழடித்தீவு, வவுணதீவு என்கிறீர்களே, தீவு எங்கே என்று சிரித்தீர்கள். மார்கழியில் வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வீதியை உயர்த்தி இரண்டு குழாய் வைத்தால் அதற்குப் பெயர் வீதியல்ல, அணைக்கட்டு. இப்போது தண்ணீர் வீதிக்கு மேலால் பாய்கிறது. இரண்டு மூன்று நாள் நாங்கள் முடங்கிக் கிடப்போம், வேளாண்மை தப்பிவிடும். உங்கள் குழாய்க்குப் பின்னால் கதிர் தள்ளப்போகிற குடலைப் பயிர் ஒரு கிழமை மூழ்கிக் கிடந்தால் அழுகல்தான் மிச்சம்.

எங்கள் அளவுகோல் அந்த மருத மரம். வேர் மூடினால் சைக்கிளை உருட்டுவோம். கவட்டைத் தொட்டால் உழவு இயந்திரப் பெட்டியிலும் பிள்ளைகளை ஏற்றமாட்டோம். 2024 கார்த்திகையில் மாவடிப்பள்ளியில் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போனதற்குப் பிறகு எந்தத் தாயும் அதற்குச் சம்மதிப்பதில்லை.

வாய் அகன்ற பாலம் போடுங்கள். காசு கூட என்பீர்கள். 2014இல் மண்முனைப் பாலம் வரும்வரை அந்தத் துறையைப் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த சனங்கள் நாங்கள்; இன்னும் இரண்டு மாரி பொறுப்போம். தண்ணியை மறிக்கிற வீதி மட்டும் வேண்டாம்.

வரைபடத்தில் கையெழுத்து வைக்கமுன் மார்கழியில் ஒருதரம் வாருங்கள். எந்தப் பள்ளத்தால் எவ்வளவு இழுக்கும் என்று வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை காட்டித் தருவார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடிக்க வேண்டிவரும். தோணி எங்களுடையது.

இப்படிக்கு,
படுவான்கரை வயற்காரன் ஒருவன்