வேகாத பருப்புக்குக் குக்கரைக் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரி, தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் பருப்பும் பயறும் 5 கிலோ, 10 கிலோ என்று வாங்கி அடுக்குவது நம் வீடுகளில் வழக்கம். காய்ந்த பொருள்தானே, கெட்டா போய்விடும் என்ற நினைப்பு. ஆறேழு மாதம் கழித்துக் கொண்டைக்கடலை எட்டு விசிலுக்கும் மசியாமல் நிற்கும்போது பழி குக்கர் மேலோ கடைக்காரர் மேலோ விழுகிறது. பல நேரங்களில் குற்றம் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

பயறு காய்ந்திருந்தாலும் அது விதை. 30 டிகிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்குள் மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். விதையிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் சிதையச் சிதைய, அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் விடுபடுகின்றன. அவை, விதையின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கிவிடுகின்றன. அப்படி இறுகிய பயறு ஊறிப் பருத்தாலும் எளிதில் வேகாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நல்ல வெயிலடிக்கும் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. இதோடு அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைத்தால் தினமும் ஆவியும் சூடும் வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்ககச் சமையலறையில் பருப்புக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

ஆகவே, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பாவில், அடுப்பையும் குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கத்தையும் விட்டு விலகி, கீழ் அலமாரியில் வையுங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டவே கூடாது. அடியில் கிடப்பது அடியிலேயே கிடந்து முதிர்ந்துவிடும். இரண்டும் கலந்து வேகும்போது பாதி குழையும், பாதி கடுக்கென்று நிற்கும்.

அடுத்தது வண்டு. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை போன்ற முழுப்பயறுகளைத் தாக்கும் பயறு வண்டு வெளியிலிருந்து வந்து ஏறுவது குறைவு. பெரும்பாலும் பொட்டலத்தோடேயே வருகிறது. ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் உப்புத்தூள் ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராக மணிக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வைப்பவர்கள் உண்டு. வாசனை வண்டை ஓரளவு விரட்டலாம். மணிக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. துவரம்பருப்பில் ஓடும் செந்நிறச் சிறு வண்டு வேறு இனம், மாவிலும் ரவையிலும் வருவது அதுதான்.

இரண்டுக்கும் மருந்து ஃப்ரீசர். வாங்கி வந்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமல் இன்னொரு பையில் போட்டுக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். பலரும் தவறுவது அதன் பிறகுதான். வெளியே எடுத்த உடனே பையைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பின் மேல் நீராகப் படியும்; அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். மூடியபடியே ஓர் இரவு வெளியில் விட்டு, பை முழுவதும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். மாடத்தில் வெயிலில் காயவைப்பவர்களும் அப்படித்தான்: சூடு முழுக்க ஆறிய பிறகே அடைக்க வேண்டும்.

ஊறவைப்பதற்கு வருவோம். கழுவிக் கல் அரித்த கொண்டைக்கடலையை 1 லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி உப்பு கலந்து 8 மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று சொல்வார்கள், அது சரியல்ல. உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மெத்தென்று வேகிறது. நம் சமையலறைச் சூட்டில் நேரம் அதிகமானால் நுரைத்துப் புளித்த வாடை வரும். காலையில் போட்டு இரவில் சமைப்பதென்றால் குளிர்பதனப் பெட்டியில் ஊறவிடலாம். ஊறிவிட்டதா என்று பார்க்க ஒரு கடலையை நகத்தால் இரண்டாகப் பிரியுங்கள். உள்முகம் தட்டையாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழிந்து, மாவுபோல் வெளுத்திருந்தால் இன்னும் நேரம் வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். 1 கிலோ காய்ந்த கடலை வெந்தபின் 2 கிலோவுக்கு மேல் வரும். கோயிலுக்குச் சுண்டல் செய்பவர்கள் பாத்திரத்தை அந்தக் கணக்கில் எடுக்க வேண்டும்.

விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள், தீ கூடினால் விசிலும் கூடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், ஊறிய கடலைக்கு 15 முதல் 20 நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பு 1 கப்புக்குத் தண்ணீர் 3 கப், எண்ணெய் 1 தேக்கரண்டி. எண்ணெய் நுரையை அடக்கும். பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நுரை ஏறி ஆவித்துளையை அடைக்கும், அது ஆபத்து. மைசூர் பருப்பை ஊறவைக்க வேண்டியதே இல்லை, திறந்த பாத்திரத்தில் 20 நிமிடம் போதும்.

புளி, தக்காளி, மாங்காய் எதையும் பருப்பு மசிவதற்கு முன் சேர்க்கக் கூடாது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. தால்ச்சாவில் மாங்காயைக் கடைசியில் போடுவதற்குச் சுவை மட்டும் காரணம் அல்ல. மிகப் பழைய கடலையாக இருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சவர்க்கார வாடை வரும், பயறிலுள்ள பி1 வைட்டமினும் அழியும்.

ராஜ்மாவைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அதிலுள்ள லெக்டின் நச்சு, நான்கைந்து மணிகளைச் சரியாக வேகாமல் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். இப்போது பல வீடுகளில் ஸ்லோ குக்கர் இருக்கிறது. அதன் மிதமான சூட்டில் நச்சு அழியாது, பச்சையாக இருந்ததைவிடக் கூடவும் செய்யலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே அதை ஸ்லோ குக்கருக்கு மாற்ற வேண்டும். சமையலைப் பணிப்பெண்ணிடம் விட்டுப் போகிறவர்கள் இதை அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வெந்த பருப்பையும் சாம்பாரையும் இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டு, காலையில் சுடவைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு கொதித்தாலும் போகாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மூட்டையிலிருந்து எடைபோட்டுக் கட்டித் தரும் பொட்டலங்களில், மூட்டை கடைக்கு வந்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். பயறின் வயது தெரிந்தால், எத்தனை மணி நேரம் ஊறவைப்பது, எவ்வளவு நேரம் வேகவிடுவது என்பதை வாங்குபவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்