திறன் பிரிவு: கட்-ஆஃப் கோட்டருகே நடப்பது

ஆசிரியருக்கு,

பள்ளிகளில் மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரிப்பதை ஆதரித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். வேகமாகப் படிக்கிற பிள்ளையை மற்றவர்களுக்காகக் காக்க வைப்பது சரியா என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். நியாயமான கேள்விதான். ஆனால் யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்பதை முடிவு செய்வது எது? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பிரிப்பதற்கு வைக்கும் தேர்வு, திறனை அளப்பதில்லை. அன்றுவரை பிள்ளைக்குக் கிடைத்ததை அளக்கிறது: வீட்டுப் புத்தகங்கள், டியூஷன், படித்த பெற்றோரின் பேச்சு, வயதும்கூட. ஒரே வகுப்பில் பத்து மாதம் இளைய பிள்ளை கீழ்ப்பிரிவில் விழும் வாய்ப்பு அதிகம். அதை அறிவுக்குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அளவீட்டுப் பிழை வேறு இருக்கிறது. திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 15 மதிப்பெண், நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் அதே முடிவு வரும் அளவு; முழுமை 1) 0.9 உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். பள்ளிகள் சொந்தமாகத் தயாரிக்கும் வினாத்தாள்கள் பெரும்பாலும் இந்தத் தரத்தை எட்டுவதில்லை. அப்படிப்பட்ட நல்ல தேர்விலும் அளவீட்டுத் திட்டப்பிழை, அதாவது ஒருவர் எடுத்த மதிப்பெண் அவரது உண்மை நிலையிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 4.7 மதிப்பெண். கட்-ஆஃப் 60 என்றால், 57 எடுத்தவரையும் 62 எடுத்தவரையும் பிரித்துப் பார்க்க அந்தத் தேர்வுக்குச் சக்தி கிடையாது. அந்த இடத்தில் ஆசிரியரின் கணிப்பும் பெற்றோரின் தலையீடும் நுழைகின்றன. வசதியுள்ளவர்கள் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசுவார்கள். கூலிவேலையை விட்டு வர முடியாதவர்களுக்குப் பிரித்த செய்தியே தாமதமாகத்தான் போய்ச் சேரும். வர்க்கம் மதிப்பெண்ணைப் பாதிப்பது ஒன்று, ஒரே மதிப்பெண் எடுத்தவர்களை வேறுவேறு பாதையில் அனுப்புவது இன்னொன்று என்று பிரான்ஸ் சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1974-இலேயே பிரித்துக் காட்டினார். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவில், ஏறத்தாழ 10 வயதில், பிள்ளைகளின் பாதை பிரிகிறது. அங்கே வாசிப்புத் திறன் சமமாக இருந்தும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கே ஜிம்னாசியம் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி) பரிந்துரை அதிகம் கிடைப்பதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பிரித்த பிறகு நடப்பது இதைவிட மோசம். அனுபவமுள்ள ஆசிரியர் மேல்பிரிவுக்குப் போவார். கீழ்ப்பிரிவில் வேகம் குறையும், 'கஷ்டமான' பாடங்கள் கைவிடப்படும். இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு பிள்ளை நன்றாகத் தேறினாலும் மேலே போக முடியாது; மேல்பிரிவுக்காரர்கள் படித்த இயற்கணிதத்தை இந்தப் பிள்ளைக்கு யாரும் நடத்தியிருக்கவே மாட்டார்கள். இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில், கணிதத்துக்கு மேல்நிலை, கீழ்நிலை என இரண்டு வகைத் தாள்கள் உண்டு. கீழ்நிலைத் தாளை எழுதுகிறவர், எல்லாக் கேள்விக்கும் சரியாக விடையளித்தாலும் தரம் 5-ஐத் தாண்ட முடியாது. உச்சத் தரம் 9. எந்தத் தாள் என்பதோ பெரும்பாலும் சில வருடம் முன்பு போட்ட பிரிவைப் பொறுத்தது.

எதிர்ச் சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கென்யாவில் பொருளியலாளர்கள் டூஃப்லோ, டூபா, கிரெமர் மூவரும் 121 தொடக்கப்பள்ளிகளில் நடத்திய சோதனையில், மதிப்பெண் பார்த்து இரண்டாகப் பிரித்த பள்ளிகளில் கீழ்ப்பாதிப் பிள்ளைகளும் முன்னேறினார்கள். பிரிப்பை ஆதரிப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அங்கே எந்த ஆசிரியர் எந்தப் பிரிவுக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நல்ல ஆசிரியரை மேல்பிரிவுக்கு என்று ஒதுக்க வழியே இல்லை. வழக்கமான பள்ளி எதுவும் அப்படிச் செய்வதில்லை. மறுபக்கம், கணிதத்திலும் மொழிப்பாடங்களிலும் இருந்த நிலைப்பிரிவுகளை 1980-களின் நடுவில் ஒழித்த பின்லாந்து, அதன் பிறகு வந்த முதல் பீசா தேர்வுகளில் (பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் சர்வதேசத் தேர்வு) முன்வரிசையில் நின்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிரிப்பை விட்டதால் தரம் சரிந்துவிடவில்லை என்ற அளவுக்கு மட்டும் அதைச் சொல்லலாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்கிற பள்ளி, முழு வகுப்பையும் நாள் முழுக்கப் பிரிக்க வேண்டாம். வாசிப்புக்கோ கணக்குக்கோ தினமும் ஒரு மணி நேரம் போதும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு தேர்வு வைத்து ஆட்களை மாற்ற வேண்டும். யாருமே மாறவில்லை என்றால் அது பிரிவு அல்ல, முத்திரை. கீழ்ப்பிரிவின் எண்ணிக்கை சிறியதாக இருக்கட்டும், அனுபவமுள்ள ஆசிரியரை அங்கே போடட்டும். பாடத்திட்டம் இருவருக்கும் ஒன்றே.

கூடவே ஒரு சோதனையும் செய்யட்டும், ஒரு மதியப்பொழுது போதும். கட்-ஆஃபுக்கு மேலும் கீழும் ஐந்து மதிப்பெண்ணுக்குள் இருக்கும் பிள்ளைகளை மட்டும் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொருவரும் எடுத்த மதிப்பெண், உண்மையில் போன பிரிவு, பெற்றோரின் படிப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். 58 எடுத்து மேலே போனவர் யார் வீட்டுப் பிள்ளை, 61 எடுத்தும் கீழே நின்றவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தத் தாளே சொல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்