ஒற்றி வீட்டில் இருந்தால் கேவலமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒற்றியும் வாடகையும் வீண், அதற்குப் பதில் வங்கிக் கடன் வாங்கித் தவணை கட்டினால் வீடு சொந்தமாகிவிடும் என்று உங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு இது. நாங்கள் இருப்பது ஒற்றி வீடு. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்போம், காலி செய்யும்போது அது திரும்ப வரும்.

தக்கலைக்குக் கொஞ்சம் உள்ளே, நாலு சென்ட்டில் ஒரு புது வீட்டை என் மகன் பார்த்தான். விலை 40 லட்சம். வங்கி 30 லட்சம் தரும். எங்கள் ஒற்றிப் பணம் 5 லட்சம், அவன் சேமிப்பு 5 லட்சம். "சரியா வருதேப்பா" என்றான். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் எழுதிப் பார்த்தோம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் எழுதினால் இதுவே 3,60,000 ரூபாய். அப்புறம் புரோக்கர் கமிஷன், வக்கீல் பீஸ், வங்கியின் செலவுகள், பால்காய்ப்பு. இதற்கெல்லாம் கையில் காசு வேண்டும். எங்கே போவது? மருமகள் நகைதான். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அது அடகுக்கடைக்குப் போயிருக்கும்.

30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,035. முதல் மாதம் அதில் 21,250 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 4,785தான். எங்கள் ஒற்றிப் பணத்தை டெபாசிட்டில் போட்டு 7 சதவீதம் கிடைத்தாலும் மாதம் 3,000 ரூபாய்கூட வராது. இப்போது நாங்கள் கொடுக்கும் வாடகை உண்மையில் அவ்வளவுதான்.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ; அது ஏறினால் வீட்டுக் கடன் வட்டியும் ஏறும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. வீட்டுக் கடன் வாங்கியிருந்த என் தம்பிக்குத் தவணைத் தொகை மாறவில்லை. வருடங்கள் நீண்டன. ஓய்வு பெற்ற பிறகும் கட்ட வேண்டும்.

இன்னொன்று. 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று முக்குக் கடைக்காரரிடம் கேட்டோம். குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினார். வயலை நிரத்திப் போட்ட மனையாம். புரோக்கர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சொந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிவிட்டதாகவே நினைத்து மாதம் 26,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுப் பார் என்றேன். முதல் மாதம் போட்டான். இரண்டாம் மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் வந்தது, 14,000தான் முடிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.