பன்னிரண்டு நிமிட ஆட்டத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் வீட்டு முன்பக்கத்திலேயே தையற்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை தைப்பது தொழில். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மூன்று வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். சிவராத்திரி வந்தால் கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலி என்ற நடன விழாவின் படங்கள் தங்கள் நாளிதழில் நிறைய வருகின்றன. பிள்ளைகள் அழகாகத்தான் இருக்கிறார்கள். அந்த அழகுக்கு வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1981இல் சிதம்பரத்தில் தொடங்கிய நாட்டியாஞ்சலி இப்போது இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் நடக்கிறது. அப்படி ஒரு கோயில் மேடையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் ஆடினார்கள். புஷ்பாஞ்சலி, நடராஜர் கௌத்துவம் என்று இரண்டே ஆட்டம், அவ்வளவுதான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பாட்டுக்காரர், மிருதங்கக்காரர் என்று யாரும் இல்லை, பென்டிரைவில் பாட்டு. இதற்கு நான் கொடுத்தது: உடைக்கு 4,500, பங்கேற்புக் கட்டணம் 1,500, போட்டோ வீடியோவுக்கு 1,000, மேக்கப்புக்கு 800, வேனுக்கு 600, நகை செட் வாடகை 400, பூவும் சவுரியும் குஞ்சலமும் 200. கூட்டினால் 9,000. லைனிங் வைத்த ரவிக்கைக்கு நான் வாங்கும் கூலி 250 ரூபாய். அப்படியானால் 36 ரவிக்கை.

ஒரேயடியாக ஒன்பதாயிரம் என்று சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் அன்றைக்கே ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்றிருப்பார். அப்படி யாரும் சொல்லவில்லை. முதலில் பங்கேற்புக் கட்டணம் மட்டும்தான் கேட்டார்கள். பத்து நாள் கழித்து உடை. அப்புறம் வேன். மேக்கப் பணம் அன்று காலையில், வாட்ஸ்அப்பில். அதற்குள் பிள்ளை இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டாள், தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்போது எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் கவரிங் தோடு போட்டிருந்தார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு, ‘சித்திரைக்குள்ள மீட்டுடுவோம்க்கா’ என்றார்.

உடை விஷயத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. நான் செய்யும் தொழில் அது. பரதநாட்டிய உடை என்பது பைஜாமா, முன்னால் விசிறி, பின்பக்கத் துண்டு, மேலாக்கு, ரவிக்கை. பார்டரை வீணாக்காமல் வெட்டத் தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சேலை தாராளம். வந்த உடையைப் புரட்டிப் பார்த்தேன். ஜரிகை பார்டர் போட்ட ஆர்ட் சில்க், கடையில் 900 ரூபாய்க்குமேல் போகாது. தையல் கூலி எங்கள் ஊர் விலைக்கு 1,200. ஆக 2,100 ரூபாய் உடை. சரி, நடுவில் ஒருவர் அலைந்திருப்பார், அவருக்கும் 300 போகட்டும். மீதி எங்கே போயிற்று?

விலையைக்கூட விட்டுவிடலாம், தைத்திருந்த லட்சணம் இருக்கிறதே! ரவிக்கைக்கு லைனிங் இல்லை. பக்கவாட்டில் கால் அங்குலம்கூட உள்ளே விடவில்லை. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிட்டால், வருஷா வருஷம் பிரித்துப் பெரிதாக்கி மூன்று வருஷம் ஓட்டலாம். இதை அடுத்த வருஷம் போட முடியாதபடியே தைத்திருக்கிறார்கள். பைஜாமாவில் கால் இரண்டும் சேருமிடத்தில் ஒற்றைத் தையல். முழங்காலை இரண்டு பக்கமும் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு அந்த இடத்தில் இரட்டைத் தையல் போடவேண்டும் என்பது தையல் பழகும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். மேடைக்குப் பின்னால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தபோதே ‘டர்’ என்று விட்டுவிட்டது. நல்லவேளை, என் பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். செல்போன் வெளிச்சத்தில் பிள்ளையை நிற்கவைத்தபடியே தைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு மேடை என்றார்கள், ஏறியது இரவு பத்தே கால். மதியம் இரண்டு மணிக்கே மேக்கப் போட்டாகிவிட்டது. உதட்டுச் சாயம் கலையக்கூடாதென்று இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டேன்.

எங்கள் டீச்சரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நன்றாகச் சொல்லித்தருகிறார். அடவு என்கிற அடிப்படை ஆட்ட அசைவு ஒவ்வொன்றும் சுத்தமாக வராமல் அடுத்ததற்குப் போகமாட்டார். மாதம் 800 ரூபாய் வாங்கி, மாடிக்கு வாடகையும் கொடுத்து, அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். அது எனக்குப் புரிகிறது. அதற்கு மாதக் கட்டணத்தை ஆயிரமாக்கி நேராகக் கேட்கட்டும், கொடுக்கிறோம். உடையிலும் வீடியோவிலும் ஒளித்து வாங்குவதுதான் கசக்கிறது.

சிலர் ‘முடியாதவர்கள் அரசு இசைப்பள்ளிக்குப் போகலாமே’ என்கிறார்கள். சீர்காழியில் இருக்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் சேர 12 வயதாக வேண்டும், வகுப்பு பகலில். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்ன செய்வாள்?

இதில் எனக்குக் கூடுதல் வருத்தம், நாங்கள் இருக்கும் இடம். பரதநாட்டியத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று உலகமெல்லாம் பேசுகிறார்களே, அந்த இரண்டு ஊருக்கும் இங்கிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம். பூம்புகாரும் பக்கம்தான். மாதவி ஆடி முடித்ததும் சோழ ராஜா 1,008 கழஞ்சு பொன் கொடுத்தான் என்று பள்ளியில் படித்தோம். எங்கள் வீட்டில் ஆடினவள் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் கேடயம். அதிலும் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.

இப்போது ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே இடத்தில் ஆடவைத்து ‘சாதனை’ என்று சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணம் 2,500, உடை தனி. 2024 டிசம்பர் 29 அன்று கொச்சி மைதானத்தில் கின்னஸ் சாதனைக்காக அப்படித்தான் ஆடினார்கள். சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் மேடையிலிருந்து கீழே விழுந்து படுகாயப்பட்டதும், பிள்ளைகளிடம் வாங்கிய பணத்தைப் பற்றிப் பிறகு போலீஸ் வழக்கு வரை போனதும் பத்திரிகைகளில் வந்ததே. இதற்கு மட்டும் நான் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டேன். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

நடனப் பள்ளி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயரை எழுதுவதற்கு முன்னால் முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தவர்கள் சேர்க்கட்டும், முடியாதவர்கள் ஆரம்பத்திலேயே மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளட்டும். நிறத்தைச் சொல்லுங்கள், உடையை நாங்களே தைத்துக்கொள்கிறோம். அக்கா போட்டதைத் தங்கை போட்டால் நடராஜர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோயில் விழா நடத்துகிறவர்களும் பிள்ளைகளிடம் பங்கேற்புக் கட்டணம் வாங்குவதென்றால், அதை அழைப்பிதழிலேயே அச்சடிக்கட்டும்.

டீச்சரிடம் இதையெல்லாம் நேரிலேயே சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. ஒரு வாரம் கழித்து அவரே கடைக்கு வந்து அந்த உடையின் தையலைப் பிரித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். அடுத்த சிவராத்திரிக்குப் பதினான்கு பேருக்கும் நானே தைப்பதாகப் பேச்சு. சேலையை அவரவர் வாங்கித் தரவேண்டும், கூலி ஆயிரம். தை பிறந்துவிட்டால் கல்யாண ரவிக்கை குவிந்துவிடும், அதனால் கார்த்திகைக்குள் அளவு கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரத் தாய் ஒருத்தி,
மயிலாடுதுறை.