கிரீன் டீய கொதிக்க வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கிரீன் டீ பத்தி உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா எப்படி போடணும்னு ஒரு வரி கூட இல்லையே, அதுதானே முக்கியம். எங்க வீட்ல அம்மா சாதா டீ மாதிரியே பாத்திரத்துல இலைய போட்டு பொங்க பொங்க கொதிக்க விட்டாங்க, நிலவேம்பு கசாயம் மாதிரி ஆயிடுச்சு, அப்பா ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளர அப்படியே வச்சிட்டாரு. தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சு கொஞ்சம் ஆறவிட்டு, 80 டிகிரி பக்கம் வந்தப்புறம் ஒரு டீஸ்பூன் இலை போட்டு மூடி வச்சு 2 நிமிஷத்துல வடிகட்டிடணும், அவ்ளோதான், இளமஞ்சளா பச்சையா ஒரு நிறம் வரும், பால் வேண்டவே வேண்டாம்.

நிறைய பேர் இது வேற செடின்னு நினைக்கிறாங்க. நீலகிரில பறிக்கிற அதே தேயிலைச் செடிதாங்க, இலை கறுக்கறதுக்கு முன்னாடியே சூடு காட்டி நிறுத்திடறாங்க, சீனால வாணலில வறுப்பாங்க, ஜப்பான்ல ஆவில அவிப்பாங்க. 1191-ல சீனாலேர்ந்து தேயிலை விதைய ஜப்பானுக்கு கொண்டு போனவர் எய்சாய்ங்கற புத்த துறவின்னு சொல்வாங்க.

கிரீன் டீல கேட்டசின்ங்கற ஒரு தாவரச் சத்து இருக்கு, நல்லதுதான். ஆனா தொப்பை கரைஞ்சிடும்னு நம்பி சாப்பாட்டுக்கு பதிலா இதயே குடிக்கறது ரொம்ப தப்பு. சாப்பிட்ட உடனே குடிச்சா கீரை, பருப்புல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர்றது குறைஞ்சிடும், ரத்தசோகை இருக்கறவங்க ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்க. இதயும் தயவுசெஞ்சு போடுங்க சார்.

ஒரு வாசகி