போட்டோவின் பின்புறம் இருந்த எண்

ஆசிரியருக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையோடு பர்மா பக்கம் போன எங்கள் பெரிய தாத்தா திரும்பவே இல்லை. பழையபேட்டை வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ மட்டும் இருந்தது. அதன் பின்புறம் பென்சிலில், மங்கலாக, அவரது படை எண்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடித் தேடிச் சலித்துப்போனேன். ஆங்கில எழுத்து மாறியிருந்ததுதான் காரணம். எண்ணைப் போட்டதும் கிடைத்துவிட்டார்! கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோருக்காக சிங்கப்பூர் கிராஞ்சியில் எழுப்பிய நினைவுச் சுவரில் அவரும் இருக்கிறார். வாசித்துக் காட்டியபோது அத்தை அழுதுவிட்டார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இப்படிப் பழைய தந்தியோ போட்டோவோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி